அவன் தட்டிப் பார்த்த வீடு

பல்லக்கா என்று அவளுக்குப் பேர் வைத்தது யார் என்பது பட்டறையில் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. பல்செட் செய்கிற பட்டறை. நகரத்துப் பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்ப்பதும், மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நடுவதும், ரோஸ் நிறத்தில் ஈறு செய்து சக்கரத்தில் பிடித்து மெருகேற்றுவதும் அவள் வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது புருவத்தில்கூட ரோஸ் தூள் படிந்திருக்கும். "இந்த ஊர்ல பாதிப் பேர் என் பல்லாலதான் சிரிக்கிறாங்க, மீதிப் பேர் என் பல்லாலதான் திட்டுறாங்க" என்று சொல்லிவிட்டு அவள் மட்டும் சிரிக்காமல் இருப்பாள்.

அவளுக்கு ஒரு கணவன் இருந்தான். வண்டி உதிரிபாகக் கிடங்கில் மேற்பார்வையாளன். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. சொந்த வீடு என்கிற ஒரே பைத்தியம்தான். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் சினிமாவுக்குப் போகிற மாதிரி இவன் விற்பனைக்கு வந்த வீடுகளைப் பார்க்கப் போவான். கதவைத் தாண்டியதும் விரல் முட்டியால் சுவரைத் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்பான். குழாயைத் திறந்து ஒரு வாய்த் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்புவான். அறையின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றி வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்பான். பிறகு அளக்கிற டேப்பை எடுப்பான். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் அவள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் சேர்ந்து செய்த காரியம் எது என்று கேட்டால் அவளுக்கு அந்த டேப்புதான் ஞாபகம் வரும்.

ஒரு வீடும் அவனுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் கிடங்கிலேயே கணக்கெழுதும் ஒருத்தியைப் பிடித்துப்போனது. பிரிவதென்று முடிவாகி, இரண்டு பக்கத்து ஆட்களும் அவன் அம்மா அப்போது இருந்த வாடகை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். சேர்த்து வைத்திருந்த பணத்தை ஆளுக்குப் பாதி என்று பிரித்ததில் அவளுக்கு வருத்தமில்லை. எழுந்திருக்கும் நேரத்தில் அவளுடைய அண்ணன், "அப்படி என்னதான் குறை கண்டீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார்.

அவன் நிதானமாகச் சொன்னான். "இவளுக்கு வீடுன்னா என்னன்னே தெரியாதுங்க. லாட்ஜ்ல தங்குற மாதிரி தங்குவா. இவளை வச்சுக்கிட்டு ஒரு வீடு அமையவே அமையாது."

மாமியார் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். ஆட்டும்போது லேசாகப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையின் வரிசைப் பல் முழுவதும் மருமகள் செய்து கொடுத்தது. மேல்வரிசையில் ஒரு பல்லை வேண்டுமென்றே இம்மி கோணலாக வைத்து, சொந்தப் பல் மாதிரியே தெரியட்டும் என்று மெனக்கெட்டிருந்தாள். அந்தக் கோணல் பல்லைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினாள். அழவில்லை. அன்று நெஞ்சில் வைத்துக் கட்டிக்கொண்டதை அதன்பிறகு அவிழ்க்கவும் இல்லை.

அதற்கப்புறம் ஒரே அறை, பொதுக் குளியலறை, மாடிப்படிக்குக் கீழே சமையல் என்று வாடகைக்கு இருந்தாள். அவனும் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறான் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

அப்படியிருக்க, ஒருநாள் பட்டறைக்கு ஒரு வீட்டுத் தரகர் வந்தார். அவருக்கு முன்பல் உடைந்திருந்ததால், புதுப் பல்லின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க டாக்டர் அனுப்பியிருந்தார். எதைச் சொன்னாலும் இழுத்துக்கொண்டே போவதால் அவருக்கு ஜவ்வு என்று பட்டப்பேர். ஜன்னலோரம் உட்காரவைத்து, நிறமாதிரிகளை ஒவ்வொன்றாக அவர் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்தாள். அவரோ வாயைத் திறந்த கையோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

"பல்லக்கான்னு கூப்பிடுறாங்களே, பல்லக்குல போற பரம்பரையோன்னு நினைச்சேன்."

"ஆடாம உட்காருங்க. இல்லேன்னா மஞ்சப் பல்லு வச்சு அனுப்பிடுவேன்."

ஆடாமல் உட்கார்ந்தார், ஆனால் வாய் நிற்கவில்லை. வாடிக்கையாளர்களைப் பற்றிப் புலம்பினார். அதில் ஒரு ஆள், வீடு பார்க்க வந்தால் சுவரைத் தட்டித் தட்டிக் காது வைக்கிறானாம். குழாய்த் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்புகிறானாம். டேப்பின் மறுமுனையைத் தன்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்கிறானாம்.

அவள் கையிலிருந்த நிறமாதிரி அசையாமல் நின்றது.

"வீடு கிடைச்சுதா அந்த ஆளுக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

கிடைத்துவிட்டது என்றார் ஜவ்வு. பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில், மாவு மில்லுக்குப் பின்னால். நகரத்தில் நம்மைப் போன்றவர்கள் வாங்குகிற விலையில் வீடு இருக்கிற இடம் அது ஒன்றுதான். வீடுகள் ஒன்றையொன்று முதுகால் முட்டிக்கொண்டு நிற்கும். லாரி போனால் அடுக்களைப் பாத்திரம் கிலுகிலுக்கும். ஆனால் இந்த வீடு தப்பிப் பிறந்த மாதிரி இருக்கும். அந்த ஆள் முன்னறையில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இத்தனை வருஷமாக இதைத்தான் தேடினேன், இந்த அறை அம்மாவுக்கு என்று சொன்னானாம். அவனுடைய அம்மா வந்து ஒரு பார்வை பார்த்ததும் முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு.

பல்லின் நிறத்தைக் குறித்துக்கொண்டு, தரகரை அனுப்பிவிட்டு, முதலாளியிடம் தலைவலி என்று பொய் சொல்லி, புருவத்து ரோஸ் தூளைக்கூடத் துடைக்காமல் பஸ் ஏறினாள்.

வீட்டுக்காரர் எடைமேடையில் லாரிகளை எடை போட்டு ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டாள். மகளோடு போய் இருப்பதற்காக வீட்டை விற்கிறார். பேச்சையும் எடை போட்டுத்தான் பேசினார். ஒருவருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, தப்பா நினைச்சுக்காதீங்க என்றார்.

"விலை பேசி முடிச்சிட்டாரா?" என்று கேட்டாள்.

"முடிச்சாச்சு."

"முடியலைங்க. கையெழுத்துப் போடப்போற அன்னிக்கு வந்து, இன்னொரு சுவரைத் தட்டுவார். உள்ள பொக்கா இருக்குன்னு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பார். நீங்க சாமான் எல்லாம் கட்டி வச்சிருப்பீங்க. வேற வழி இல்லாம குறைப்பீங்க."

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அவரை உங்களுக்குத் தெரியுமா?"

"பீரோ வாங்கினப்பவும் கூட இருந்தேன். கட்டில் வாங்கினப்பவும் கூட இருந்தேன்."

அதில் ஒரு சொல் பொய்யில்லை. அதனாலேயே அது அவருக்குப் போய்த் தைத்தது. அப்புறம், பேசிய விலையில் ஒரு காசு குறைக்க மாட்டேன் என்றார். குறைக்கச் சொல்லவில்லை என்றாள். மறுநாளே முன்பணம் தருவதாகச் சொல்லி எழுந்தவளைப் பார்த்து அவர்தான் பதறினார்.

"பின்பக்கம் பார்க்கலையேம்மா. குளிக்கிற இடம், மேல்தளம், ஒண்ணும் பார்க்கலையே."

"அவர் பார்த்துட்டார்ல, போதும்" என்றாள்.

அண்ணன் பஸ் பணிமனையில் மெக்கானிக். கடனுக்கு ஜாமீன் கையெழுத்து அவர்தான் போட வேண்டும். கோபத்துக்குச் சட்டியை உடைக்கலாம், வீடு வாங்கலாமா என்று தலையில் அடித்துக்கொண்டார். ஓய்வு பெறுகிற வரைக்கும் கட்ட வேண்டிய கடன்.

"கோபத்துக்கு வாங்கலண்ணா. அவன் வாங்கக் கூடாதுன்னு வாங்குறேன்."

"அதுக்கு வேற என்னம்மா பேரு?"

அவள் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

பத்திரம் பதிந்து, சாமானை ஏற்றி இறக்கி, வாசலில் தன் பேரைப் பெரிய எழுத்தில் எழுதிய பலகையை மாட்டினாள். தரகர் மூலம் செய்தி போயிருக்கும் என்று தெரியும். தினமும் வேலைவிட்டு வந்ததும் முகம் கழுவி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்க்க உட்கார்ந்தாள். அவன் வராமல் இருக்க மாட்டான். அவனை அவளுக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம் வந்தான். எதிர்ப்பக்கம் நின்று பலகையைப் படித்தான். ஒருமுறை படித்தால் போதாதது போல மறுபடி படித்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவனை வா, போ என்று கூப்பிட்டுப் பழகியவள், எழுந்து நின்று, "வாங்க, உள்ள வாங்க, ஏன் வெயில்ல நிக்கிறீங்க?" என்று யாரோ மூன்றாம் மனிதரை அழைப்பது போல அழைத்தாள். அந்த 'ங்க' அவன் முகத்தில் அறைந்ததை அவள் பார்த்தாள். அதற்காகவே அந்த வார்த்தையைப் பல நாள் மெருகேற்றி வைத்திருந்தாள்.

தண்ணீர் கொடுத்தாள். வீட்டைச் சுற்றிக் காட்டினாள். அடுக்களை, நடுவறை, பின்பக்கம். கடைசியாக அந்த முன்னறை. தெருவைப் பார்த்த அகல ஜன்னல், காலை வெளிச்சம், வழவழவென்ற தரை. அம்மாவுக்கென்று அவன் மனதில் எழுதி வைத்திருந்த அறை. அதில் அவள் பழைய செருப்புகளையும், காலி டின்களையும், பட்டறையில் தூக்கிப்போட்ட மாவுத் தாடைகளையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தாள். கால் வைக்க இடமில்லை. ஜன்னலைச் சாக்கால் மறைத்திருந்தாள்.

"இந்த ரூமை இப்படியா வச்சிருக்கே?" என்று அவனையும் மீறிக் கேட்டுவிட்டான்.

"எனக்குத்தான் வீடுன்னா என்னன்னே தெரியாதே" என்றாள்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். போகும்போது, பழக்க தோஷம், நிலைக்குப் பக்கத்துச் சுவரை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு கையை இழுத்துக்கொண்டான். தெருக்கோடி திரும்பும் வரை அவள் பார்த்தாள். இரவு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். அந்த நாளுக்காக வாழ்நாள் கடனும் தகும் என்று தோன்றியது.

அவனும் புதுப் பெண்டாட்டியும் அதே பகுதியில், நாலு தெரு தள்ளி, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார்கள். வேறு வீடு அமையவில்லை. அவளுக்கு அதுவும் இனித்தது. அந்தக் கணக்கெழுதுகிறவள் தினமும் படியேறி மூச்சு வாங்குவாள் என்று நினைத்து நினைத்துச் சப்புக்கொட்டினாள்.

அந்தக் கணக்கெழுதுகிறவளே ஒருநாள் கதவைத் தட்டினாள். கையில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழங்கள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று பல்லக்கா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு வந்தேன்."

"எதுக்கு?"

"இந்த வீட்டை நாங்க வாங்கியிருந்தா, அத்தை எங்களோடதான் வந்து இருந்திருப்பாங்க. அவங்களுக்காகத்தான் அவர் இந்த வீட்டையே பார்த்தாரு. இப்ப மூணு மாடி ஏற முடியாதுன்னு மக வீட்லயே இருந்துட்டாங்க. என் கல்யாண வாழ்க்கையைக் காப்பாத்தினீங்க. நீங்க தெரிஞ்சு பண்ணலைன்னாலும்."

கேலியில்லை. நிஜமாகவே கண் கலங்கியிருந்தாள். பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பல்லக்கா கதவை ஓங்கிச் சாத்தினாள். எவளுடைய குடியைக் கெடுக்க வேண்டும் என்று கங்கணம் கட்டினாளோ, அவளுக்கே சம்பளமில்லாமல் வேலை பார்த்துக் கொடுத்திருக்கிறாள். ஆரஞ்சைத் தூக்கி எறிய மனம் வராமல், உரித்து, கொட்டையைத் தூவென்று துப்பித் துப்பித் தின்றாள். இனிப்பாக இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மழைக்காலம் வந்ததும் வீடும் தன் பங்குக்கு அவளை வஞ்சித்தது. அவள் பார்க்காமலே வாங்கிய மேல்தளம் பின்பக்கம் முழுக்க ஒழுகியது. படுக்கிற அறையில் பக்கெட், அடுக்களையில் குண்டான், நடுவறையில் மீதி இருந்த எல்லாப் பாத்திரமும். பாதி ராத்திரியில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அவள் ஒதுங்க முடிந்த ஒரே இடம் முன்னறை. செருப்பையும் டின்னையும் மூலைக்குத் தள்ளி, மாவுத் தாடைகளுக்கு நடுவே ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற இடம் செய்தாள். ஒரு சொட்டு விழவில்லை. காலையில் சாக்கை விலக்கியதும் வெளிச்சம் தரையெல்லாம் வந்து உட்கார்ந்தது. "பாவி, சரியாத்தான் பார்த்திருக்கான்" என்று வாய்விட்டுத் திட்டினாள். அதன்பிறகு அங்கேயே படுத்தாள். மூட்டைகளை மட்டும் அகற்றவில்லை.

அந்த மழை நாட்களில்தான் மாமியார் பட்டறைக்கு வந்தாள். பல்செட் நடுவில் இரண்டாகப் போய்விட்டது. அதைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். பல்லில்லாத வாய் உள்ளே ஒடுங்கி, முகமே சின்னதாகிப் போயிருந்தது.

"நீ இருப்பேன்னு தெரிஞ்சேதான் வந்தேன். வேற யாரு கை பட்டாலும் எனக்கு உறுத்துது" என்று காற்றுப் போகச் சொன்னாள். ஒட்டிக் காயும் வரைக்கும் உட்கார்ந்து மகள் வீட்டுக் கதையைப் பாடினாள். மாப்பிள்ளை டிவியைக் காதடைக்க வைக்கிறாராம். பேரப்பிள்ளைகள் இவள் கட்டிலில் ஏறிக் குதிக்கிறார்களாம். மகனோடு இருக்க ஆசை, மாடி ஏற முட்டி விடவில்லை. அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாள். "முன்னறைல ஜன்னல் இருக்காமே. அதுல என்ன வச்சிருக்கே?"

"நான்தான் படுத்துக்கிறேன் அத்தை" என்றாள். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். வாயில் அதுதான் வந்தது.

பல்லைச் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றத் தொடங்கினாள். ஜவ்வு போன வாரம் சொல்லியிருந்த ஒரு விஷயம் அவள் மனதில் சும்மா கிடந்தது. அவன் இருக்கிற கட்டடத்தில் தரைத்தளத்தில் ஒரு போர்ஷன் காலி. வாடகை குறைவு. ஆள் கிடைக்கவில்லை. அந்த ஆரஞ்சுக்காரி தன்னிடம் மனதைத் திறந்து பேசியதும் கூடவே கிடந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். சக்கரத்தை நிறுத்தினாள்.

"உங்க பிள்ளை கட்டடத்துல கீழயே ஒரு போர்ஷன் காலியா இருக்காமே அத்தை. ஒரு படிகூட ஏற வேண்டாம். உங்ககிட்ட சொல்லலையா?"

கிழவியின் வாய் அப்படியே நின்றது. "சொல்லலையே."

"அவர் மறந்திருப்பார். மருமகளாவது ஞாபகப்படுத்தியிருக்கலாம்." ஈரம் துடைத்துப் பல்செட்டை நீட்டினாள். "கடிச்சுப் பாருங்க அத்தை."

மாமியார் மாட்டிக்கொண்டு நன்றாகக் கடித்துப் பார்த்தாள். கோணல் பல் பழைய இடத்திலேயே இருந்தது.

மாதம் பிறப்பதற்குள் கட்டில், மருந்து டப்பா சகிதம் அவள் அந்தத் தரைத்தளத்துக்குக் குடிவந்துவிட்டாள். படியேறத்தான் முட்டி விடாது, குரல் மூன்று மாடி ஏறும். சாப்பாடு மேலிருந்து கீழே வந்தது, குறை கீழிருந்து மேலே போனது. ஜவ்வு அந்தச் செய்திகளை இழுத்து இழுத்துச் சொல்ல, பல்லக்கா டீ போட்டுக் கொடுத்துக் கேட்டாள்.

காய்கறிக் கடையில் அந்த ஆரஞ்சுக்காரி எதிரே வந்தாள். சத்தம் போடவில்லை. தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"நான் உங்களுக்கு நன்றி சொல்ல வந்தேன்க்கா."

"அதனாலதான்."

அவள் பையைக்கூட எடுக்காமல் போனாள். கடைக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டியிருந்தது. அந்தக் கடைசி வார்த்தை பல்லக்காவுக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் ஓடிப்போய்ச் சமாதானம் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மழை ஓய்ந்தபின் ஜவ்வு ஒரு வேலையாக வந்தார். அவன் அனுப்பியிருந்தான். அவள் வாங்கிய விலைக்கு மேல் நல்ல தொகை போட்டு இந்த வீட்டை எடுத்துக்கொள்கிறானாம். அந்தக் கட்டடத்தில் மேலுக்கும் கீழுக்கும் நடுவே அவன் படியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நிலை வந்துவிட்டதாம். ஒழுகுகிற விஷயமும் அவனுக்குத் தெரியும், பரவாயில்லை என்கிறானாம்.

"என்ன சொல்லட்டும்?" என்றார் ஜவ்வு.

அவள் பதில் சொல்ல அவசரப்படவில்லை. இப்படி ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுகமாக இருந்தது.

"யோசிக்கிறேன்னு சொல்லுங்க."

"நிஜமாவே யோசிப்பீங்களா?"

"இல்ல."

ஜவ்வு புதுப் பல் தெரியச் சிரித்தார். "அப்ப எதுக்குங்க?"

"அவர் நம்பிக்கிட்டு இருக்கட்டும். அடுத்த மாசமும் வந்து கேளுங்க. இதையேதான் சொல்வேன். உங்களுக்கு டீ உண்டு."

அவர் போனதும் மேலே ஏறினாள். கொத்தனார் காலையிலிருந்தே மேல்தளத்தில் விரிசலைக் கொத்திக்கொண்டிருந்தார். தினமும் மாவு கரைக்கிறவளுக்கு, பூசுகிற கலவை தண்ணியாக இருப்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரிடம் கரண்டியைக் கேட்டு வாங்கி, சிமெண்டு கூட்டி, தானே குனிந்து கிளற ஆரம்பித்தாள்.